பாடசாலை மெயில் யாருடைய போனில் கிடக்குது? இடமாற்றத்துக்கு முதல் செய்யவேண்டியவை

உவர்மலைக்காற்று | காலை 7.10

ஜனவரி இடமாற்றம் நெருங்குது. திருகோணமலைக் கல்வி வலயத்தில் ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம், வேறு இடங்களிலும் இதே கதைதான்.

பாடசாலையின் முகவரி ஒரு சாதாரண ஜிமெயில். அதைத் திறந்தவர் முகாமைத்துவ உதவியாளர். மீட்பு இலக்கம் (கணக்குப் பூட்டுப்பட்டால் குறியீடு வரும் இலக்கம்) அவருடைய சொந்தப் போன். கடவுச்சொல் அதிபர், பிரதி அதிபர், கணினி அறை ஆசிரியை மூவருக்கும் தெரியும். உதவியாளர் அடுத்த மாதம் கந்தளாய்க்குப் போகிறார். வலயத்தின் சுற்றறிக்கை, மாகாணத் திணைக்களத்தின் கடிதம், பரீட்சை விண்ணப்ப உறுதிப்படுத்தல் எல்லாம் வந்து விழுவது இந்தப் பெட்டியில்தான்.

கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்கிறார்கள். போதுமா? மூன்று பேரும் ஒரே கணக்கைப் பாவிக்க ஒழுங்கான வழி உண்டா? தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் நல்லது.

சீனன்குடா_சேர்வர் | காலை 7.52

போதாது. கடவுச்சொல்லை முதலில் மாற்றுவதுதான் எல்லாரும் விடும் பிழை. புதிய கணினியில் புதுக் கடவுச்சொல்லோடு நுழையப் போனால் கூகுள் சந்தேகப்பட்டு "இந்த இலக்கத்துக்கு வந்த குறியீட்டைத் தா" என்று கேட்கும். குறியீடு போய்ச் சேருவது கந்தளாய்க்கு.

ஒழுங்கு இப்படி இருக்கவேணும். உதவியாளர் இன்னும் அலுவலகத்தில் இருக்கும்போதே, அவர் வழமையாக மெயில் பார்க்கும் கணினியிலேயே கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறக்கவேணும். மீட்பு போன் இலக்கத்தை மாற்றுங்கள். தனி ஆளின் இலக்கம் வேண்டாம். மலிவான ஒரு போனில் பாடசாலைக்கென்று ஒரு சிம் போட்டு அலுவலகத்தில் வைத்தாலே போதும், மாதத்துக்கொருமுறை ரீலோட் செய்ய மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் சிம் செத்துவிடும். அடுத்து மீட்பு மின்னஞ்சலை மாற்றுங்கள். பிறகு இரு கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்பது) புது இலக்கத்தில் போட்டு, போன் கையில் இல்லாதபோது பாவிக்கும் காப்புக் குறியீடுகளை அச்செடுங்கள். 10 குறியீடுகள் வரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பாவிக்கலாம். உறையில் போட்டு அதிபரின் இரும்பு அலுமாரிக்குள் வையுங்கள்.

இதற்குப் பிறகுதான் "உங்கள் சாதனங்கள்" பட்டியலில் உள்ள பழைய போன்களையெல்லாம் வெளியேற்றுவது. கடவுச்சொல் மாற்றுவது கடைசி.

இதில் ஒரு கண்ணி இருக்கு. மீட்பு இலக்கத்தை மாற்றினாலும் பழைய இலக்கத்துக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் 7 நாள்வரை விட்டுவைக்கும். திருடன் இலக்கத்தை மாற்றிவிட்டால் உரிமையாளர் மீட்கட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆகவே இடமாற்றத்துக்கு முதல்நாள் மாலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். குறைந்தது 2 கிழமை முந்திச் செய்யுங்கள்.

ஜிமெயில் அமைப்புகளுக்குள் போய், முன்னனுப்பல் பக்கத்தையும் வடிகட்டிகளையும் ஒருக்காப் பாருங்கள். யாரோ எப்போதோ "எல்லாவற்றையும் என் சொந்த மெயிலுக்கும் அனுப்பு" என்று போட்டிருப்பார்கள். கடவுச்சொல் மாறினாலும் அந்த முன்னனுப்பல் நிற்காது.

கிண்ணியாப்பாலம் | காலை 8.15

மூன்று பேர் ஒரே கடவுச்சொல் வெச்சிருக்கிறதுக்குப் பதிலா "பிரதிநிதி" வசதியைப் பாவிங்க. ஜிமெயிலைக் கணினியில திறந்து அமைப்புகள், கணக்குகள் பகுதிக்குப் போனா "உங்கள் கணக்குக்கு அணுகல் வழங்கு" எண்டு இருக்கும். பிரதி அதிபர்ர சொந்த ஜிமெயில் முகவரியை அங்க போடுங்க. அவருக்கு ஒரு அழைப்பு மெயில் வரும், ஒரு கிழமைக்குள்ள ஏத்துக்கணும், விட்டா அது காலாவதி. ஏத்த உடனேயே தெரியாது, ஒரு நாள் வரை எடுக்கும். பதறிப்போய்த் திரும்பத் திரும்ப அழைப்பு அனுப்பாதீங்க.

பிரதிநிதி மெயில் வாசிக்கலாம், பதில் போடலாம், அழிக்கலாம். கடவுச்சொல்லை மாத்த ஏலாது. ஆள் மாறினா பட்டியல்ல இருந்து எடுத்துவிட்டாச் சரி. சாதாரண ஜிமெயில்ல 10 பேர் வரை சேர்க்கலாம், ஒரு பாடசாலைக்கு 3 பேருக்கு மேல தேவையே இல்ல.

பதில் போகும்போது இன்னார் அனுப்பினார் எண்டு பிரதிநிதிர முகவரியையும் காட்டலாம், காட்டாமலும் விடலாம். காட்டவிடுறது நல்லம். யார் பதில் போட்டது எண்டு பிறகு சண்டை வராது.

மூதூர்ப்படகு | காலை 8.40

எல்லாம் ஆள் இருக்கும்போது சரி. ஆள் கனடாவுக்குப் போய், பழைய இலக்கமும் வேறு யாருக்கோ கொடுபட்டுவிட்டால்?

சீனன்குடா_சேர்வர் | காலை 9.05

அப்படியென்றால் முதலில் அலுவலகத்தில் எந்தக் கணினியிலாவது அந்த மெயில் இன்னும் திறந்தபடி இருக்கா என்று தேடுங்கள். இருந்தால் தயவுசெய்து வெளியேற வேண்டாம், பிரவுசரைச் சுத்தம் செய்ய வேண்டாம், விண்டோஸ் புதிதாகப் போட வேண்டாம். அதுதான் கடைசிச் சாவி. உள்ளே இருந்தபடியே தொடர்பு முகவரிகளை ஏற்றுமதி செய்து, முக்கிய மெயில்களைப் பிடிஎப் ஆக்கி எடுத்து, புதிய முகவரியைச் சொல்லும் தானியங்கிப் பதிலையும் போடுங்கள். ஒரே ஆள் எத்தனை மெயில் போட்டாலும் 4 நாளுக்கு ஒருமுறைதான் அந்தப் பதில் போகும், அதனால் வலயத்துக்குத் தொல்லை இல்லை.

திறந்தபடி எங்கும் இல்லாவிட்டால் மீட்புப் படிவம்தான். பழைய கணினியிலேயே, அதே பிரவுசரில், அலுவலகத்தின் அதே இணைய இணைப்பில் முயலவேணும். வீட்டிலிருந்து புதுப் போனில் முயன்றால் கூகுளுக்கு நீங்கள் அந்நியர். பழைய கடவுச்சொல் ஞாபகத்தில் உள்ளதைப் போடலாம், அது கணக்கில் எடுபடும். ஒரே நாளில் பத்துத் தரம் அடித்தால் "பிறகு வா" என்று பூட்டிவிடும். 2 தரம் முயன்று அடுத்த நாள் பாருங்கள்.

சரிவராவிட்டால் புதுக் கணக்குத்தான். அதிபரின் கையொப்பம், பதவி முத்திரையோடு கடிதம் எழுதி வலயத்துக்கு நேரே கொடுங்கள். புதிய மெயிலிலிருந்து "எங்கள் முகவரி மாறிவிட்டது" என்று மட்டும் அனுப்பினால் எந்த உருப்படியான அலுவலகமும் நம்பக்கூடாது.

மூதூர்ப்படகு | காலை 9.18

புதுக் கணக்கு என்றால் பெயர் எப்படி வைப்பது? இப்போது உள்ளதில் அதிபரின் பெயரும் 2016 என்றும் இருக்கு.

கிண்ணியாப்பாலம் | காலை 9.33

ஆள் பெயர் வேணாம், வருஷம் வேணாம். பாடசாலைர சுருக்கப் பெயர், ஊர்ப் பெயர், அவ்வளவுதான். ஜிமெயில்ல 6 எழுத்துக்குக் குறையாம 30க்கு மேல போகாம இருக்கணும், எழுத்தும் எண்ணும் புள்ளியும்தான் விடும். புள்ளியை ஜிமெயில் கணக்கெடுக்காது, புள்ளி போட்டு அனுப்பினாலும் போடாம அனுப்பினாலும் ஒரே பெட்டிக்குத்தான் வரும்.

போன்ல சொல்லிப் பாருங்க. நம்ம ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்துல எழுதுறதுல ஒருத்தர் "டி எச்" போடுவார், மத்தவர் "டி" மட்டும் போடுவார். தம்பலகாமத்தை எத்தனை விதமா எழுதுறாங்க எண்டு பெயர்ப் பலகைகளைப் பாத்தாலே தெரியும். ஒரு தரம் சொன்னதும் எதிர்ப்பக்கம் பிழையில்லாம எழுதுற மாதிரி இருந்தா அதை எடுங்க. பூச்சியமும் ஆங்கில "ஓ"வும் பக்கத்துல பக்கத்துல வரவே வேணாம்.

தபாற்கந்தோர்வீதி | காலை 10.02

இவ்வளவு பாடு எதற்கு? வலயத்து ஆட்கள் பார்ப்பது வட்ஸ்அப்பைத்தான். குழுவில் போட்டால் 5 நிமிசத்தில் பதில். மெயில் போட்டுவிட்டு "மெயில் போட்டிருக்கிறேன் சேர்" என்று கோல் எடுத்துச் சொல்லவேண்டிக் கிடக்குது. அப்படியென்றால் மெயில் எதற்கு?

கோணேசபுரி_மேசை | காலை 10.40

வட்ஸ்அப் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை ஐயா. ஆனால் அது ஆளுடைய போன் இலக்கத்தோடு ஒட்டியது. ஆள் மாறினால் குழுவை விட்டுப் போகிறார், அவரோடு 3 வருடக் கடிதமும் போகிறது. புதிதாக வருபவருக்குக் குழுவின் பழைய கோவைகள் தானாகத் தெரியாது. மெயில் பெட்டி கதிரைக்கு உரியது. யார் வந்து உட்கார்ந்தாலும் பழையது எல்லாம் அங்கேயே இருக்கும், தேடினால் கிடைக்கும்.

இன்னொன்று, கடிதத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டால் அது படத்தை நசுக்கித்தான் அனுப்பும். சுற்றறிக்கையில் இருக்கும் சின்ன எண், முத்திரைக்குள் உள்ள திகதி எல்லாம் மங்கிப்போகும். ஆவணமாக இணைத்தால் நசுங்காது, ஆனால் அப்படி அனுப்புகிறவர்கள் குறைவு.

நடைமுறையில் சரிவருவது இதுதான்: கடிதம் மெயிலில், அறிவிப்பு வட்ஸ்அப்பில். "சுற்றறிக்கை மெயிலில் போட்டாச்சு, பொருள் வரி இது, பதில் 14ஆம் திகதிக்கு முன்" என்று குழுவில் ஒரு வரி. கோல் எடுக்கும் வேலையும் மிச்சம்.

சட்டப்படியும் மெயிலுக்கு நிலை உண்டு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் வடிவில் இருப்பதை மட்டுமே காரணம் காட்டி ஓர் ஆவணத்தைச் செல்லாதென்று தள்ள விடாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "எழுத்து" என்பது இலத்திரனியல் எழுத்தையும் சேர்த்துத்தான். மெயிலில் தகவல் கேட்டு ஒருவர் எழுதினால் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேணும். "மெயில் பார்க்கவில்லை" என்ற பதில் அங்கே எடுபடாது.

தபாற்கந்தோர்வீதி | காலை 11.05

வட்ஸ்அப்பில் அறிவிப்பு, மெயிலில் கடிதம் என்றால் சரி, ஏற்கிறேன். ஆனால் பாடசாலைகள் அனுப்பும் மெயிலைப் பாருங்கள். பொருள் வரியில் ஒன்றும் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை, ஓர் இணைப்பு மட்டும். இணைப்பின் பெயர் "ஸ்கேன் 001". அதை யார் எங்கே சேர்ப்பது?

கோணேசபுரி_மேசை | காலை 11.48

பல்கலைக்கழக வளாகத்திலும் அதே நோய். 120 பேர் ஒப்படை அனுப்பினால் எண்பது கோவைக்காவது ஒரே பெயர், "அசைன்மென்ட்". பதிவிறக்கும்போது கணினி தானாகவே அடைப்புக்குள் 1, 2, 3 என்று போடும். யாருடையது எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவேணும்.

கோவைப் பெயர்: பதிவெண், பாடக்குறியீடு, ஒப்படை எண். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் சில பழைய மெயில் அமைப்புகளில் அது சதவீதக் குறியும் எண்ணுமாகச் சிதறி வரும். பொருள் வரியை மட்டும் தமிழில் எழுதலாம், அது இன்று எல்லா இடத்திலும் ஒழுங்காகத் தெரிகிறது.

திருத்திய பிரதி அனுப்பும் ஒரு மாணவரின் மெயில் இவ்வளவுதான் இருக்கவேணும்:

பொருள்: (பதிவெண்), (பாடக்குறியீடு), ஒப்படை 2, திருத்திய பிரதி

மதிப்பிற்குரிய விரிவுரையாளர் அவர்களுக்கு,
நேற்று மாலை 4.20இற்கு அனுப்பிய ஒப்படை 2இல் 9ஆம் பக்கம் விடுபட்டுள்ளது. முழுமையான பிரதி (11 பக்கம், 2.3 எம்பி) இத்துடன் உள்ளது. முந்தியதை விடுத்து இதனை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
பெயர், பதிவெண், ஆண்டு, பீடம்

அதே சங்கிலியில் "பதில்" அழுத்தி அனுப்பவேணும். புது மெயிலாகப் போட்டால் முந்திய பிரதி வேறு இடத்தில் கிடக்கும், எது கடைசி என்று தெரியாது. அதேநேரம், ஒப்படைக்கு வந்த பதிலிலேயே விடுதிப் பிரச்சினையை எழுதுவதும் கூடாது. விடயம் மாறினால் பொருள் வரி மாறவேணும்.

"வணக்கம்" மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு விடயத்தைச் சொல்வது வட்ஸ்அப் பழக்கம். மெயிலில் அது ஒரு நாளை விழுங்கும்.

மூதூர்ப்படகு | மதியம் 12.20

போனில் படம் பிடித்து 14 பக்கம் அனுப்பினால் போகுதில்லை, "டிரைவ் இணைப்பாக மாற்றப்பட்டது" என்று வருது. பிறகு விரிவுரையாளர் "அனுமதி கேட்குது" என்கிறார்.

கோணேசபுரி_மேசை | மதியம் 12.55

இன்றைய போன் படம் ஒன்று 3, 4 எம்பி. பதினாலும் சேர்ந்தால் 50 எம்பியைத் தொடும். ஜிமெயிலில் இணைப்பின் எல்லை 25 எம்பி, அதற்கு மேல் போனால் கோவையை உங்கள் டிரைவில் போட்டுவிட்டு முகவரியை மட்டும் அனுப்பும். அனுமதியை "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று மாற்றாவிட்டால் எதிர்ப்பக்கம் திறக்காது. அனுமதி கேட்ட மெயில் உங்கள் பெட்டிக்கு வரும், நீங்கள் நித்திரை. கெடு முடிந்துவிடும்.

படமாக அனுப்பவே வேண்டாம். கூகுள் டிரைவ் செயலியிலேயே "ஸ்கேன்" இருக்கு. பக்கம் பக்கமாக எடுத்து, கறுப்பு வெள்ளை வடிகட்டி போட்டு, ஒரே பிடிஎப் ஆகச் சேமியுங்கள். 14 பக்கக் கையெழுத்து பெரும்பாலும் 2 தொடக்கம் 4 எம்பிக்குள் அடங்கும். தாளை யன்னல் வெளிச்சத்தில் வையுங்கள், குழல் விளக்குக்கு நேர்கீழே வேண்டாம். கை நிழல் விழுந்த இடம் கறுப்பு வெள்ளையில் கறுத்த திட்டாக மாறி எழுத்தை மூடும்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கவேணும். மெயிலை ஒரு சேர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் நெறிமுறை 1982இல் வந்தது, வெறும் ஆங்கில எழுத்தை மட்டும் எண்ணிச் செய்தது. படமும் பிடிஎப்பும் அதற்குள் நுழையவேணுமென்றால் எழுத்தாக மாறவேணும்: 3 பைட் 4 எழுத்தாகும். அதனால் அனுப்பும்போது கோவை மூன்றிலொரு பங்கு வீங்கும். "10 எம்பிக்கு மேல் ஏற்கமாட்டோம்" என்று சொல்லும் அலுவலகச் சேர்வருக்கு 9 எம்பி கோவை போகாது. 7 எம்பி வரைதான் நம்பலாம். "எல்லைக்குள்தானே இருக்கு, ஏன் திரும்பி வருது" என்பவர்களுக்கு விடை இதுதான்.

பாமினி_விரல் | பிற்பகல் 1.30

இணைப்பைப் பற்றிக் கதைக்கிறீர்கள், எழுத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அலுவலகங்களில் அரைவாசிக் கடிதம் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிபடுது. வேர்டில் அழகாகத் தமிழ் தெரியும். அதைப் பிரதி எடுத்து மெயிலுக்குள் ஒட்டினால் எதிர்ப்பக்கத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். பாமினி உண்மையில் தமிழ் எழுத்து இல்லை, தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்து. முகமூடி இல்லாத கணினியில் உண்மை முகம் தெரியுது. போனில் ஒருநாளும் சரிவராது.

அவசரத்துக்கு வழி: வேர்டிலிருந்தே பிடிஎப் ஆகச் சேமித்து அனுப்புங்கோ, எழுத்துரு கோவைக்குள்ளேயே போகும். ஆனால் அந்தப் பிடிஎப்புக்குள் "இடமாற்றம்" என்று தேடினால் கிடைக்காது. அடுத்த வருடம் கடிதம் தேடுகிறவர் உங்களைத் திட்டுவார்.

சரியான வழி யூனிகோட், எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. "விரல் பாமினிக்குப் பழகிவிட்டுது" என்பது சாட்டு. ஈ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையே இருக்கு, விரல் மாறத் தேவையில்லை, வெளியே வருவது யூனிகோட். பழைய கடிதங்களை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு மாற்றலாம், ஆனால் அப்படியே அனுப்பாதேங்கோ. நடுவில் ஆங்கிலத்தில் இருந்த பெயரும் மெயில் முகவரியும் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும், மேற்கோள் குறிகள் எழுத்தாகியிருக்கும். இந்த இரண்டு இடத்தையும் கண்ணால் பார்த்துத் திருத்தவேணும்.

கிண்ணியாப்பாலம் | பிற்பகல் 2.10

பாமினிர விசயம் நூத்துக்கு நூறு. இனி அனுப்புற பக்கத்துப் பிழை ஒண்டு. எல்லாப் பாடசாலைக்கும் போற மெயில்ல எல்லா முகவரியையும் "பெறுநர்" வரியில போடுறாங்க. ஒரு அதிபர் "எல்லாருக்கும் பதில்" அழுத்தி "கிடைத்தது, நன்றி" எண்டு போடுவார். பாத்து மத்தவங்களும் போடுவாங்க. 60 பாடசாலை எண்டா 60 மெயில் 60 பெட்டியில, 3,600. சுற்றறிக்கை அடியில போயிரும்.

பெறுநர் வரியில உங்கட முகவரியையே போடுங்க, மத்த எல்லாரையும் மறைபிரதி (பிசிசி) வரியில. சாதாரண ஜிமெயில்ல 24 மணித்தியாலத்துக்கு 500 பெறுநர்தான். மெயில் எண்ணிக்கை இல்ல, பெறுநர் எண்ணிக்கை. 100 பேருக்கு அஞ்சு மெயில் போட்டா அண்டைய கணக்கு முடிஞ்சுது, அடுத்த நாள் வரை பூட்டிரும்.

தகவல் திரட்டுறதுக்கு எக்செல்லை எல்லாருக்கும் அனுப்பி நிரப்பித் தாங்க எண்டு கேக்கிறதை விடுங்க. ஒருத்தர் நிரலை வெட்டுவார், ஒருத்தர் தலைப்பை மாத்துவார். கூகுள் படிவம் போட்டா எல்லாம் ஒரே தாள்ல விழும். எக்செல்தான் வேணுமெண்டா, அடையாள அட்டை நிரலை அடிக்க முந்தி "உரை" எண்டு மாத்துங்க. 12 இலக்க எண்ணை எக்செல் சும்மா விடாது, நடுவில ஆங்கில "ஈ"யும் கூட்டல் குறியும் போட்டுச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாச் சேமிச்சா கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். போன் இலக்கத்துல முதல் பூச்சியம் காணாமப் போறதும் இதே வியாதி.

பிள்ளைகள்ர பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இருக்கிற கோவைக்குக் கடவுச்சொல் போடுங்க. கடவுச்சொல்லை அதே மெயில்ல எழுதாம, போன்ல சொல்லுங்க. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் மாணவர் பட்டியலை 60 பேருக்குச் சும்மா பறக்கவிடுறது சரியில்ல.

நிலாவெளி_வரவேற்பு | பிற்பகல் 3.00

நானா, தனியார் பக்கத்துக்கும் ஒரு கேள்வி. விடுதிகளுக்குச் சொந்த டொமைனில் (இணையப் பெயரில்) மெயில் இருக்கு. கொழும்பு முகவர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்பினால் ஸ்பாமில் விழுது. இணையத்தள முன்பதிவுப் படிவத்திலிருந்து வரும் மெயிலும் சிலவேளை வந்து சேருதில்லை. ஏன்?

சீனன்குடா_சேர்வர் | பிற்பகல் 3.45

2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இறுக்கிப் பிடிக்கின்றன. அனுப்பும் டொமைனுக்கு, மெயில் உண்மையானதென்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருக்கவேணும், நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவருக்கு இரண்டும், கூடவே டிமார்க்கும். நிலாவெளி விடுதி 5,000 அனுப்பப் போவதில்லை, ஆனால் மூன்றையும் போட்டுவிடுவது நல்லது.

எஸ்பிஎஃப் என்பது "எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சேர்வர்களுக்கு மட்டும் அனுமதி" என்று டொமைன் பதிவில் எழுதிவைக்கும் ஒரு வரி. வழமையான பிழை: இணையத்தளம் செய்தவர் ஒரு வரி போட்டிருப்பார், பிறகு கூகுள் மெயிலுக்கு மாறும்போது இன்னொருவர் இரண்டாவது வரி போடுவார். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றாகச் சேர்த்து எழுதுங்கள்.

டிகேஐஎம் ஒவ்வொரு மெயிலிலும் போடும் முத்திரை. மெயில் நிர்வாகப் பக்கத்தில் சாவி உருவாக்கி, அதை டொமைன் பதிவில் ஒட்டி, திரும்பவும் நிர்வாகப் பக்கத்துக்குப் போய் "தொடங்கு" அழுத்தவேணும். கடைசிப் படியை மறந்துவிடுகிறார்கள். டிமார்க் என்பது இந்தச் சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் வரி. அதை முதலில் "ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் தா" என்ற நிலையில் போட்டு ஒரு மாதம் பாருங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, அங்கே மூன்று புள்ளியை அழுத்தி "மூலத்தைக் காட்டு" என்பதைத் திறந்தால் மூன்றுக்கும் நேரே தேறியதா இல்லையா என்று எழுதியிருக்கும்.

முன்பதிவுப் படிவத்தின் கோளாறு வேறு. படிவம் விருந்தினரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு உங்கள் சேர்வரிலிருந்து அனுப்புது. யாஹூ முகவரி என்றால் உங்கள் சேர்வருக்கு யாஹூ பெயரில் அனுப்ப உரிமை இல்லை, நிராகரிக்கப்படும். அனுப்புநர் உங்கள் டொமைன் முகவரியாக இருக்கவேணும், விருந்தினரின் முகவரி "பதில் போகவேண்டிய இடம்" வரிக்குப் போகவேணும். இணையத்தளம் செய்தவருக்கு 10 நிமிச வேலை.

விடுதிகள் இன்னொன்றையும் கவனிக்கவேணும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று முகவர் பெயரில் வரும் மெயில். டொமைனில் ஆங்கில "எம்"முக்குப் பதிலாக "ஆர்", "என்" இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள், போன் திரையில் வித்தியாசம் தெரியாது. மெயிலில் உள்ள இலக்கத்துக்கு அழைக்காமல், முதலே உங்களிடம் இருக்கும் இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

உவர்மலைக்காற்று | மாலை 5.20

எல்லாருக்கும் நன்றி. சேர்வர் அண்ணா சொன்ன ஒழுங்கை அப்படியே எழுதி எடுத்தாச்சு. ஒரு சந்தேகம். அலுவலகப் போட்டோக்கொப்பி மெஷின் ஸ்கேன் செய்து நேரே இந்த ஜிமெயிலில் இருந்துதான் அனுப்புது. கடவுச்சொல் மாற்றினால் அதற்கு என்ன நடக்கும்?

சீனன்குடா_சேர்வர் | மாலை 5.44

நின்றுவிடும். நல்லவேளை கேட்டீர்கள். மெஷினுக்குள் இருப்பது "செயலிக் கடவுச்சொல்", இப்படியான மெஷினுக்கும் செயலிக்கும் கூகுள் தனியாகத் தருவது, 16 எழுத்து. கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிய உடனே கூகுள் பழைய செயலிக் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் செல்லாதாக்கும். 2022 மே முடிவிலிருந்து சாதாரணக் கடவுச்சொல்லை மெஷினுக்குள் போட்டு அனுப்பவும் முடியாது.

ஆகவே எல்லாம் முடிந்த பிறகு இரு கட்டச் சரிபார்ப்பு இயங்கும் நிலையில் புதிதாக ஒரு செயலிக் கடவுச்சொல் எடுத்து, இடைவெளி இல்லாமல் மெஷினில் போடுங்கள். மெஷினின் மெயில் அமைப்பில் போர்ட் 587 என்றால் பாதுகாப்பு முறை ஸ்டார்ட்-டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல். இரண்டையும் மாறிப் போட்டால் போகாது. எல்லாம் சரியாக இருந்தும் போகாவிட்டால் மெஷினின் திகதியைப் பாருங்கள். கரண்ட் போய் வந்ததும் சில மெஷின் பழைய வருடத்துக்குப் போய்விடும், அப்போது கூகுளின் சான்றிதழை இன்னும் தொடங்காதது என்று நினைத்து இணைப்பை வெட்டும்.

ஸ்கேனை 200 டிபிஐ, கறுப்பு வெள்ளை, பல பக்கம் ஒரே பிடிஎப் என்று முன்னிருப்பாக வையுங்கள். 600இல் நிறமாக எடுத்த இரண்டு பக்கக் கடிதம் பெட்டியை நிரப்பத்தான் உதவும். 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமில்லை, டிரைவுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான். நிரம்பினால் வலயத்தின் மெயில் திரும்பிப் போகும், எது திரும்பிப் போனது என்று உங்களுக்குத் தெரியாது. தேடல் பெட்டியின் வலப்பக்கக் குறியை அழுத்தி, அளவு 10 எம்பிக்கு மேல் என்று போட்டுத் தேடி, தேவையில்லாததை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். அழித்தது 30 நாள் அங்கேயே இடம் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

உவர்மலைக்காற்று | மாலை 6.02

சரி அண்ணா. திங்கள் காலை உதவியாளரையும் வைத்துக்கொண்டு தொடங்குறம். காப்புக் குறியீட்டு உறையின் மேல் என்ன எழுதுவது?

கிண்ணியாப்பாலம் | மாலை 6.15

மெயில் முகவரியை எழுதாதீங்க. "அலுவலகக் காப்புக் குறியீடு" எண்டு போட்டு, ஒட்டின திகதி, அதிபர்ர கையொப்பம் உறை மூடின இடத்துக்கு மேல. உள்ளுக்கு இருக்கிற தாள்ல பாவிச்ச குறியீட்டை வெட்டி, பக்கத்துல திகதியும் யார் எண்டும் எழுதுங்க. மூண்டு மிஞ்சும்போது புதுசா 10 எடுங்க, எடுத்த உடனே பழைய தாள் செல்லாது, கிழிச்சுப் போடுங்க.